சொந்த ஊர் எது, அண்ணா?

போன மாதம் தாம்பரத்தில் ஒரு வாசகர் வட்டக் கூட்டம். சட்டக் கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் எழுந்து கேட்டார்: "தோழர், இத்தனை வருசம் இயக்கத்துல இருந்துட்டு, 48 வயசுல டாக்சி ஓட்டப் போனது ஒரு பின்வாங்கல் இல்லையா?" கேட்டதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. எங்களுக்குத்தான் அன்று சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. ஏழு மணிக்கு விமான நிலையச் சவாரி இருந்தது, வண்டி வெளியே நின்றது. "எழுதுறோம் தம்பி" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினோம். எழுதுவதற்கு ஒரு மாதம் ஆகிவிட்டது.

"நாங்கள்" என்று எழுதக் காரணம் உண்டு. நாங்கள் ஐந்து பேர். ஒரே தோல் தொழிற்சாலையில் இருபது வருடம் நின்றவர்கள், ஒரே ஆண்டில் வெளியே வந்தவர்கள், ஒருவர் பின் ஒருவராக ஸ்டியரிங் பிடித்தவர்கள். இந்தக் கதையில் பெருமைப்படச் சிலது இருக்கிறது, வெட்கப்படவும் இருக்கிறது. எது யார் செய்தது என்று பிரித்து எழுதினால் வெட்கம் முழுவதும் ஒருவர் தலையில் விழும். அதனால் எல்லாவற்றையும் நாங்களே செய்தோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பல்லாவரத்திலிருந்து திருநீர்மலை போகிற வழியில் நாகல்கேணி. பக்கத்தில் இருக்கும் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயரே ஒரு குரோம் தோல் கம்பெனியால் வந்தது என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. மால் வந்த பிறகு யார் அதை நினைக்கிறார்கள்? உப்புப் போட்டு வரும் பச்சைத் தோலை ஊறவைப்பது, சுண்ணாம்புத் தொட்டியில் போட்டு முடி கழிப்பது, ஒட்டியிருக்கும் சதையைச் சீவுவது, பிறகு டிரம்மில் குரோமியம் ஏற்றுவது. வெளியே வரும்போது தோல் நீலமாக இருக்கும், அதை வெட் புளூ என்பார்கள். நம் ஆட்கள் அந்த நீலம் வரைக்கும்தான். அதற்கு மேல் நிறம் ஏற்றி, பாலிஷ் போட்டு, பெட்டியில் அடைத்து ஏற்றுமதி செய்யும் இடத்தில் வேறு கைகள் இருக்கும். எங்களில் நான்கு பேர் பறையர், ஒருவர் அருந்ததியர். சுண்ணாம்புத் தொட்டியில் முதலில் இறக்கப்பட்டவர் யார் என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை.

அந்த வாசனையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், பின்னால் அது மறுபடியும் வரும். வேலை முடிந்து இரண்டு முறை சோப்பு போட்டுக் குளித்தாலும் நகக்கண்ணில் நிற்கும். பேருந்தில் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்றால் மனைவியை அனுப்பிவிடுவோம்.

2017-இல் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. நான்கு மாதம் கேட்டில் உட்கார்ந்து, கடைசியில் ஆளுக்கு 1,80,000 ரூபாய் வாங்கினோம். வயது 46 முதல் 50 வரை. பணம் வந்த அதே வாரத்தில் ஒரு ஒப்பந்தக்காரர் தெருவுக்கு வந்தார். துப்புரவு வேலைக்கு ஆள் வேண்டும், அடைப்பு எடுக்கிற வேலையும் இருக்கும் என்றார். "உங்க ஆளுங்களுக்குன்னா உடனே போட்டுருவாங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். கையால் மலம் அள்ளும் வேலையில் ஆளை அமர்த்துவதைத் தடைசெய்யும் சட்டம் 2013-இல் வந்துவிட்டது. அவருக்கு அது தெரியாமல் இல்லை. அவர் பேசியது மரியாதையாகத்தான். நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தார், எங்கள் வீட்டு டம்ளரில்தான் குடித்தார். ஆனால் எங்கள் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு ஞாபகம் வந்தது சாக்கடைதான்.

அவர் போன பிறகு வெகு நேரம் யாரும் பேசவில்லை. பிறகு எங்களில் ஒருவர் சொன்னார்: "வாட்ச்மேனா போலாம். இல்ல, டிரைவராப் போலாம். வாட்ச்மேன்னா உக்காரணும். டிரைவர்னா போய்க்கிட்டே இருக்கலாம்." அவ்வளவுதான் முடிவு. தம்பி கேட்ட பின்வாங்கல் இதுதான்.

வண்டி ஓட்டக் கற்றுக்கொள்வதைச் சுலபம் என்று நினைக்காதீர்கள். உங்கள் வயதில் அது விளையாட்டு. 47 வயதில் கிளட்சும் ஆக்சிலேட்டரும் இரண்டு எதிரிகள். கற்றுக்கொடுத்த பையனுக்கு 24 வயது. ரேடியல் சாலையில் வண்டி நின்றுவிட்டது, பின்னால் வரிசையாக ஹாரன், அவன் "பெருசு, பொறுமையா" என்றான். எங்கள் மகன்களுக்கு முன்னால் இப்படி அழுததில்லை, அவன் முன்னால் கண் கலங்கிவிட்டது.

எங்கள் அப்பாக்களில் ஒருவரும் சைக்கிளுக்கு மேல் எதையும் ஓட்டியதில்லை. அந்தச் சைக்கிளையும் ஊர்த்தெருவில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனவர்கள். அப்போதுதான் 1929-இல் சாலிஸ்காவில் நடந்தது வேறு மாதிரி புரிந்தது. பம்பாய் மாகாண அரசு அமைத்த ஒரு குழுவின் உறுப்பினராக அண்ணல் அம்பேத்கர் அங்கே இறங்கினார். தீண்டத்தகாதவரை ஏற்றி ஓட்ட எந்தக் குதிரை வண்டிக்காரரும் சம்மதிக்கவில்லை. வண்டியை வாடகைக்குத் தருவோம், ஓட்ட மாட்டோம் என்றார்கள். அதனால் மகார் தோழர் ஒருவரே ஓட்டினார். பழக்கமில்லாத கை. பாலத்தில் சக்கரம் சிக்கி வண்டி கவிழ்ந்தது, அம்பேத்கர் கல்லில் தூக்கியெறியப்பட்டு அவருக்குக் கால் முறிந்தது. ஒரு பாரிஸ்டரை விடத் தான் உயர்ந்தவன் என்று வண்டிக்காரர் நினைத்ததைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம், மேடையில் கைத்தட்டலும் வாங்கியிருக்கிறோம். அந்த ஓட்டத் தெரியாத தோழரைப் பற்றி நாங்கள் ஒரு நாளும் யோசித்ததில்லை. 24 வயதுப் பையன் பக்கத்தில் உட்கார்ந்து அரை கிளட்ச் சொல்லிக்கொடுத்தபோதுதான் அவர் ஞாபகம் வந்தது. குதிரையின் கடிவாளத்தை அவர் கையில் அதுவரைக்கும் யார் கொடுத்தார்கள்?

எங்களில் இரண்டு பேர் ஐந்தாம் வகுப்போடு நின்றவர்கள். 13 வயதில் சுண்ணாம்புத் தொட்டிக்குப் போனவர்கள். அப்போது வாடகை வண்டி உரிமத்துக்கு எட்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும் என்று விதி இருந்தது. சொந்த வண்டி ஓட்டப் படிப்பு வேண்டாம், பிழைக்க ஓட்டுவதற்கு வேண்டும். தன் காரில் குடும்பத்தை ஏற்றுகிறவரிடம் சான்றிதழ் கேட்காத சட்டம், அதே காரைக் கூலிக்கு ஓட்டுகிறவரிடம் கேட்டது. இருவரும் இரண்டு வருடம் ஆக்டிங் டிரைவராக மற்றவர்களின் வெள்ளை போர்டு வண்டியை ஓட்டிக் காலம் தள்ளினார்கள். 2019-இல் மத்திய அரசு அந்த விதியை எடுத்துவிட்டது. படித்த தோழர்கள் அந்த விதியைப் பற்றி ஒரு போராட்டம் கூட நடத்தியதாக நினைவில்லை. எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

வண்டிக் கடன். இங்கேதான் வெட்கப்பட வேண்டிய முதல் இடம். வங்கியில் ஜாமீன் கேட்டார்கள். எங்களில் பறையர் நான்கு பேரும் ஒருவருக்கொருவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டோம். அருந்ததியத் தோழர் வந்து கேட்டபோது, "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்றோம். நான்கு பேரும் தனித்தனியாக, பேசி வைத்தது போல அதையே சொன்னோம். இருபது வருடம் ஒரே தொட்டியில் நின்றவர் அவர். உள் ஒதுக்கீடு வந்தபோது மேடையில் வரவேற்றுப் பேசியவர்கள் நாங்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை, மூன்றாவது வாரம் தன் மனைவியின் தாலிச்சரடை வைத்து ஒரு பழைய வண்டியை வாங்கி ஓட்ட ஆரம்பித்தார். பிறகு மன்னிப்புக் கேட்டோம். "விடுப்பா" என்றார். அவர் விட்டுவிட்டார். எங்களால் முடியவில்லை.

(உங்கள் வீட்டில் யாராவது இந்த வேலைக்கு யோசித்தால் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். தாட்கோ 1974-லிருந்து இருக்கிறது. இப்போது முதலமைச்சரின் பெயரில் உள்ள தொழில் முன்னேற்றத் திட்டத்தில் திட்டத் தொகையில் 35 சதவீதம், அதிகபட்சம் 3,50,000 ரூபாய் வரை மானியம் உண்டு. வண்டிக்கும் கேட்கலாம். நாங்கள் வண்டி வாங்கியபோது இது இல்லை. விண்ணப்பம் எழுத, வங்கி மேலாளர் முன்னால் போய் உட்காரத் துணை வேண்டும். சட்டம் படிக்கிற நீங்கள் அந்தத் துணையாகப் போங்கள். கூட்டத்தில் பேசுவதை விட அது கஷ்டமான வேலை.)

கணக்கைக் கேட்கிறீர்களா? ஒரு நாள் 2,600 ரூபாய்க்கு ஓடினால் கேஸுக்கு 750. ஆப் கம்பெனிக்கு 550. மாதம் 15,600 டியூ, அதாவது நாளைக்கு 520. சாப்பாடு, பார்க்கிங், காற்று, டீ என்று 150. கையில் மிஞ்சுவது 630. அதிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை 38,000 இன்சூரன்ஸ், டயர், சர்வீஸ், எஃப்.சி. இந்த 2,600-க்கு 13 மணி நேரம் ஓட வேண்டும். சொந்த வண்டி வைத்திருப்பவருக்குக் கட்டணத்தில் குறைந்தது 80 சதவீதம் போக வேண்டும் என்று மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறை சொல்கிறது. மேலே உள்ள கணக்கை நீங்களே வகுத்துப் பாருங்கள். ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்றும் 2020-இல் வந்த நெறிமுறை சொன்னது. எங்கள் முதுகுக்கு அதைப் படித்துக் காட்டினோம்.

2020 மார்ச் 25-க்குப் பிறகு அந்த 630-ம் இல்லை. டியூவைத் தள்ளிவைக்கலாம் என்று ஆகஸ்ட் வரை சொன்னார்கள், வட்டி தள்ளிவைக்கப்படவில்லை. செப்டம்பரில் போன் வர ஆரம்பித்தது. டிசம்பரில் எங்கள் வண்டிகளில் ஒன்றை பைனான்ஸ்காரர்கள் காலை ஐந்து மணிக்கு வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். சாவியைக் கேட்டவர்கள் நம் பிள்ளைகள் வயதுதான், ஒருவன் கழுத்தில் நீலத் துண்டு. வண்டி போனவர் இன்று இன்னொருவர் வண்டியைக் கமிஷனுக்கு ஓட்டுகிறார். ஐந்தில் ஒன்று போய்விட்டது என்பதையும் தம்பி கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நல்லதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். முதல் நாள், முதல் சவாரி. போனில் ஒரு பெண் குரல்: "அண்ணா, எங்க இருக்கீங்க?" 48 வருடத்தில் தெரியாத ஒருவர் எங்களை அண்ணா என்று கூப்பிட்டது அதுதான் முதல்முறை. துரைப்பாக்கத்தில் வேலை பார்க்கும் பெண். எல்லா ஓட்டுநரையும் அவர் அப்படித்தான் கூப்பிடுவார், அதில் எங்களுக்கென்று எதுவும் இல்லை என்று தெரியும். இருந்தாலும் அன்று ராத்திரி வீட்டில் அதைச் சொன்னோம். முதல் வாரம் முழுவதும் வண்டியில் எலுமிச்சை வாசனைப் புட்டி இரண்டு தொங்கியது. ஒரு பயணி, "கொஞ்சம் ஓவரா இருக்கே, ஒன்ன எடுத்துருங்களேன்" என்றார். தோல் வாசனைக்குப் பயந்து வைத்தது என்று அவருக்கு எப்படிச் சொல்வது? ஒன்றை எடுத்துவிட்டோம். ஒருவரும் மூக்கைப் பிடிக்கவில்லை.

ஆனால் நகரத்தில் அண்ணா என்று ஆரம்பிக்கிற பேச்சு, செங்கல்பட்டைத் தாண்டியதும் திசை மாறும். "அண்ணா, சொந்த ஊர் எது?" என்பார்கள். பல்லாவரம் என்றால், "இல்ல, பூர்வீகம்?" பூர்வீகம் சொன்னால், "அங்க எந்தப் பக்கம்?" அதையும் சொன்னால், "குலதெய்வம்?" கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. நேரம் போகக் கேட்கிறார்கள். சாலையில் முன்னால் போகிற வண்டியின் பின் கண்ணாடியில் அவர்கள் சாதிப் பெயரும் சிங்கமும் ஒட்டியிருக்கும். எங்கள் கண்ணாடியில் எதுவும் இல்லாததால்தான் அவர்களுக்குச் சந்தேகமே வருகிறது.

வண்டிக்கும் சாதிக்கும் இந்த நாட்டில் பழைய உறவு. 1997-இல் விருதுநகரில் புதிய அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தபோது, அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று கலவரமே நடந்தது. கடைசியில் அரசு எல்லாக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்கள் பெயரையும் நீக்கியது. பிறந்தே இராத நீங்கள் இதைத் தேடிப் படிக்க வேண்டும். பேருந்து மேல் ஒரு பெயர் இருந்ததற்கே அப்படி என்றால், ஸ்டியரிங் பிடித்த ஆளுக்கு எப்படி இருக்கும்?

இனி இரண்டாவது வெட்கம்.

போன வருடம் ஒரு குடும்பம் தென் மாவட்டத்தில் ஒரு கிராமத்துக்குக் காதுகுத்து விழாவுக்காக வண்டி பேசியது. மூன்று நாள், நாளைக்கு 400 ரூபாய் பேட்டா. அம்மா, அப்பா, ஆறு வயதுப் பெண் குழந்தை. வழக்கமாகக் கூப்பிடுகிறவர்கள், மரியாதையானவர்கள். எங்கள் டேஷ்போர்டில் சின்னதாக ஒரு அம்பேத்கர் படம் இருக்கும், அவர்கள் அதைப் பற்றி ஒரு நாளும் எதுவும் சொன்னதில்லை. கிளம்புகிற அன்று காலை நான்கு மணிக்கு அந்தப் படத்தை எடுத்து முன்பெட்டியில் ஆர்.சி. புத்தகத்துக்கு அடியில் வைத்தோம். யாரும் எடுக்கச் சொல்லவில்லை.

பந்தலில் எங்களையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். ஒரு பெரியவர் பக்கத்தில் வந்தார். "தம்பிக்கு எந்த ஊரு?" சொன்னோம். "பூர்வீகம்?" சொன்னோம். "என்ன ஆளுக?" நேராகவே கேட்டார். சுற்றி இருபது பேர் இலை முன்னால். நாங்கள் "முதலியார்" என்றோம். "அடடே, அப்ப சைவமா இருக்கும்" என்று சொல்லி, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்த் தனியாக உட்காரவைத்து சாம்பார், கூட்டு, அப்பளம் போடச் சொன்னார். பக்கத்துப் பந்தியில் கறிக்குழம்பு மணந்தது. ராத்திரி திண்ணையில் பாய், தலையணை, மின்விசிறி. காலையில் காபி, வெள்ளி டம்ளரில். அவ்வளவு அன்பாக எங்களை ஒருவரும் கவனித்ததில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-லிருந்து இருக்கிறது. ஆனால் இங்கே எங்களை யாரும் திட்டவில்லை, தடுக்கவில்லை, தள்ளவில்லை. நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கினோம். எந்தப் பிரிவில் புகார் எழுதுவது?

திரும்பி வரும்போது பரனூர் டோல்கேட்டில் வரிசையில் நின்றோம். குழந்தை முன்னால் எட்டிப் பார்த்து, "டிரைவர் அங்கிள், அம்பேத்கர் தாத்தாவ எங்க?" என்றாள். அவள் அம்மா உடனே, "பாப்பா, சும்மா உக்காரு" என்றார். கண்ணாடியில் அந்த அம்மாவின் முகம் தெரிந்தது. அவருக்கு எல்லாம் தெரியும், மூன்று நாளும் தெரியும். பெரியவர் கேட்டபோது இரண்டு இலை தள்ளி உட்கார்ந்திருந்தார்.

அன்று ராத்திரி டீக்கடையில் ஐந்து பேரும் பேசினோம். "400 ரூவா பேட்டாவுக்கு உயிரக் குடுக்கச் சொல்றியா?" என்று ஒரு குரல். "பேட்டாவுக்காக இல்ல, பயத்துல சொன்னது" என்று இன்னொன்று. அருந்ததியத் தோழர் மட்டும், "முதலியார்னு சொல்லணும்னு எப்படித் தோணிச்சு? டக்குனு வாயில வந்துச்சுன்னா முன்னாடியே யோசிச்சு வெச்சிருக்கீங்க" என்றார். அது உண்மை. முன்பே யோசித்து வைத்திருந்தோம், நல்ல செங்கல்பட்டுப் பொய்யாக.

எங்கள் மகள் சட்டம் படிக்கிறாள். ஐந்து வீட்டுக்கும் அவள்தான் மகள். விஷயம் தெரிந்து மூன்று நாள் பேசவில்லை. "சின்ன வயசுல ஸ்கூல்ல யார் கேட்டாலும் நேரா சொல்லுன்னு சொல்லிக்குடுத்தது யாரு?" என்று மட்டும் கேட்டாள். நான்காம் நாள் ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்தாள். அம்பேத்கர் தன் வாழ்க்கை அனுபவங்களை எழுதிய, 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று தமிழில் சொல்லப்படுகிற நூல். 1901-இல் மசூர் ரயில் நிலையத்தில் இறங்கிய சிறுவர்களின் கதை நம் எல்லோருக்கும் தெரியும். மகார் பிள்ளைகள் என்று தெரிந்ததும் மாட்டு வண்டிக்காரர்கள் யாரும் வரவில்லை. இரட்டைக் கூலி, பிள்ளைகளே ஓட்ட வேண்டும், வண்டிக்காரர் பக்கத்தில் நடந்து வருவார் என்று முடிவானது. அதுவரைக்கும் மேடையில் சொல்வோம். அதற்கு அடுத்த பக்கத்தைத்தான் அவள் காட்டினாள். வழியில் சுங்கச் சாவடி. தாகம். முஸ்லிம் என்று சொல்லித் தண்ணீர் கேள் என்று வண்டிக்காரர் யோசனை சொல்ல, சிறுவன் அம்பேத்கர் அப்படியே சொல்லி உருது பேசிக் கேட்கிறார். அப்படியும் தண்ணீர் கிடைக்கவில்லை.

"அவரும் சொல்லியிருக்காருப்பா" என்றாள். சமாதானமாகத்தான் சொன்னாள்.

"அவருக்கு அப்ப ஒன்பது வயசும்மா" என்றோம். "எங்களுக்கு அம்பத்தி ரெண்டு."

அவள் பதில் சொல்லவில்லை, புத்தகத்தை மூடி எடுத்துக்கொண்டு போனாள்.

இப்போது நாங்கள் சில வேலைகள் செய்கிறோம். ஓட்டுநர் நல வாரியத்தில் பெயர் பதியாதவர்களை ஸ்டாண்டு ஸ்டாண்டாகப் போய்ச் சேர்க்கிறோம். விபத்து, மரணம், பிள்ளைகள் படிப்பு ஆகியவற்றுக்கு அதில் உதவி உண்டு, பாதிப் பேருக்கு அப்படி ஒரு வாரியம் இருப்பதே தெரியாது. ஆப் தொழிலாளிகளுக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020-இல் நிறைவேறி 2025 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. கம்பெனிகள் தங்கள் வருட வணிகத்தில் 1 முதல் 2 சதவீதம் நிதிக்குத் தர வேண்டும் என்கிறது. அது எங்கள் கைக்கு எப்படி வரும் என்று எங்கள் மகளும் அவள் நண்பர்களும் படித்துச் சொல்கிறார்கள். அருந்ததியத் தோழர் வண்டி மாற்றப் போகிறார். இந்த முறை ஜாமீன் பத்திரத்தில் நான்கு கையெழுத்தும் இருக்கிறது. ஒரு கையெழுத்தே போதும் என்று வங்கியில் சொன்னார்கள்.

படத்தை மறுபடி ஒட்டிவிட்டோம். முன்பு வெறுமனே சாய்த்து வைத்திருந்தது. இப்போது இரண்டு பக்கமும் ஒட்டும் டேப் போட்டிருக்கிறோம், பிடுங்கினால் டேஷ்போர்டும் சேர்ந்து உரியும்.

போன வாரம் அந்தக் குடும்பத்து அம்மா போன் செய்தார். பொங்கலுக்கு அதே ஊர், நான்கு நாள். "அண்ணா, நீங்கதான் வரணும், பாப்பா கேக்குறா. தாத்தாவும் உங்களத்தான் விசாரிச்சாரு" என்றார். வருகிறோம் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. வண்டிக்கு எஃப்.சி. காட்ட வேண்டும், முடித்துவிட்டுச் சொல்கிறோம் என்று வைத்துவிட்டோம். எஃப்.சி. வருகிற செவ்வாய்க்கிழமை.